பேத்தியோடு போய்க் குடும்பக் கார் வாங்குவது எப்படி: பின் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

புது கார் பார்க்கப் போகும்போது பேரக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். கூடவே கூட்டிப் போங்கள் என்கிறேன் நான். நாலு வயதுப் பேத்தியோடு சேர்ந்துதான் எங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அவள் வராமல் இருந்திருந்தால் வேறொன்றை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியிருப்பேன். முதல் முறை கார் வாங்குகிறவர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வீட்டிலேயே அளவெடுங்கள்

அளவு நாடாவின் ஒரு முனையைக் குழந்தையிடம் கொடுங்கள். குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கிய அளவு, சைல்டு சீட்டின் (காரில் குழந்தையை உட்காரவைக்கும் தனி இருக்கை) அகலம் இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தும் வாய் குறுகலாக இருந்தால் தள்ளுவண்டி உள்ளே போகாது. பேத்தி தன் உயரத்தையும் அளக்கச் சொன்னாள்: 102 செ.மீ. அந்த எண்ணை அன்று முழுவதும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2. மோதல் சோதனை மதிப்பீட்டைப் பாருங்கள்

நட்சத்திர எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், குளோபல் என்கேப் போன்ற அமைப்புகள் குழந்தைப் பாதுகாப்புக்கான மதிப்பெண்ணைத் தனியாகத் தருகின்றன. நமக்கு அதுதான் முக்கியம். சோதனை நடந்த ஆண்டையும் பாருங்கள். விதிகள் இறுகிக்கொண்டே போவதால், பழைய 5 நட்சத்திரமும் புதிய 5 நட்சத்திரமும் ஒன்றல்ல.

3. நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஷோரூம் போதும். சைல்டு சீட், தள்ளுவண்டி, தண்ணீர், அவளுக்குப் பிடித்த பொம்மை ஒன்று, எல்லாம் கையோடு இருக்கட்டும்.

4. பின் சீட்டில் அரை மணி நேரம் செலவிடுங்கள்

விற்பனையாளர் முன் சீட்டில் உட்காரச் சொல்வார். நன்றி சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறங்கள்.

முதலில் ஐசோபிக்ஸ், அதாவது சைல்டு சீட்டை நேராக வண்டியோடு மாட்டும் வளையங்கள். பின் சீட்டின் முதுகும் அடிப்பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். சில வண்டிகளில் மெத்தைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். நான் பார்த்த ஒன்றில் சைல்டு சீட்டைப் பொருத்துவதற்குள் விரல் சிவந்துவிட்டது. இன்னொன்றில் ‘டக் டக்’ என்று இரண்டு சத்தம், சீட்டில் இருந்த சிவப்பு அடையாளம் பச்சையானது. “பச்சை வந்தாச்சு தாத்தா!” என்று பேத்தி கை தட்டினாள். வாங்கியபின் எத்தனையோ முறை செய்யப்போகும் வேலை இது. கடையிலேயே ஒருமுறை நம் கையால் செய்து பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் மேல் பட்டைக்கான கொக்கி. சைல்டு சீட்டின் மேல்பகுதி முன்னால் சாயாமல் பிடிக்கும் பட்டையை மாட்டும் இடம் இது. பின் சீட்டின் முதுகுக்குப் பின்னாலோ டிக்கியிலோ இருக்கும். சாமான் கட்டும் கொக்கியை இதுவென்று நினைத்து மாட்டிவிடாதீர்கள். கையேட்டைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

கைக்குழந்தை என்றால் சைல்டு சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் என்கிறது சைல்டு சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி. அப்படி வைத்தபின் முன் சீட்டில் ஆள் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் பின்னோக்கிய சீட்டை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் உயிரையே பறித்துவிடும்.

இனி நம் முதுகுக்கு வருவோம். பேத்தியைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, மறுபடி இறக்குங்கள். மூன்று முறை செய்யுங்கள். கதவு போதுமான அளவு திறக்கிறதா, இடுப்பு பிடிக்கிறதா என்பதெல்லாம் மூன்றாவது முறையில் தெரிந்துவிடும்.

கடைசியாகக் குழந்தையின் கண். நான் மிகவும் விரும்பிய வண்டியில் உட்கார்ந்துகொண்டு, “தாத்தா, வானம் மட்டும்தான் தெரியுது” என்றாள் பேத்தி. தலையை அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தேன். உண்மைதான், ஜன்னல் விளிம்பு அவ்வளவு உயரம். வெளியே தெரியாமல் போகும் குழந்தைக்கு எளிதில் குமட்டல் வரும். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டோம்.

குழந்தை உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாமல் செய்யும் சைல்டு லாக் பின் கதவின் ஓரத்தில் இருக்கும். போட்டுவிட்டு, நீங்களே உள்ளே உட்கார்ந்து கதவைத் திறக்க முயலுங்கள்.

5. டெஸ்ட் டிரைவ்

சீட் பொருத்தியிருந்தால் மட்டும் குழந்தையை ஏற்றுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஒரு தெருகூட வேண்டாம். கிளம்புமுன் ஒரு சோதனை: வண்டிக்குப் பின்னால் பொம்மையை நிற்க வைத்து, ஓட்டுநர் சீட்டிலிருந்து கண்ணாடியிலும் கேமராவிலும் தேடுங்கள். தெரியும்வரை ஒருவர் அதைத் தள்ளித் தள்ளி வைக்கட்டும். நின்ற வண்டிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் கண்ணுக்கு மறைகிறது என்பது புரியும். குழந்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

6. பணம் பேசும் நாள்

அன்று மட்டும் குழந்தை வேண்டாம். வரி, பதிவு, காப்பீடு, கூடுதல் பொருட்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

7. வண்டி கைக்கு வந்ததும்

சைல்டு சீட்டைப் பொருத்தி, கீழ்ப்பகுதியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிறகு குழந்தையை உட்காரவைத்து, தோள்பட்டைக்கு அருகில் பெல்ட்டை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.