உறைந்து நிற்கும் பழைய கணினியும் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகளும்

எட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்த வீட்டுக் கணினி ஒன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உறைந்து நின்றால், நம்மில் பெரும்பாலோர் செய்வது மின்பொத்தானை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடித்து அணைப்பதுதான். மறுநாளும் அப்படியே நேர்ந்தால் மறுபடியும் அணைக்கிறோம். நான்காம் நாள் பொறுமை போய், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறோம். அல்லது கணினியைப் பெரிய பையொன்றில் வைத்து, சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குத் தூக்கிச் செல்கிறோம். இந்த நான்கு நாள்களில் அது எப்படி உறைந்தது, எந்த வேலையின்போது உறைந்தது என்பதை வீட்டில் ஒருவரும் குறித்துவைத்திருக்க மாட்டார்கள். உறவினர், அண்டை வீட்டார் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்துக் கொடுத்துவருபவன் என்ற முறையில் சொல்வதானால், பழுதினால் போன கோப்புகளைவிட, பழுதை நீக்கப் போய் இழந்த கோப்புகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஆகவே முதல் தவறு கவனியாமல் விடுவது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு பழுதுகள் இருக்கின்றன. கணினி நின்றவுடன் அணைத்துவிடாமல், விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால், இயங்குதளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது எதற்காகவோ, பெரும்பாலும் வன்தட்டுக்காக, காத்துக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டும் ஒரே துணுக்கில் சிக்கி இரைகிறது என்றால், ரேம் (தற்காலிக நினைவகம்), மதர்போர்டு (பாகங்களை இணைக்கும் தாய்ப்பலகை), மின்வழங்கி (அவற்றுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஆகியவற்றின் பக்கம் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும். படம் மட்டும் நின்று பாட்டு தொடர்ந்தால், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் அட்டையோ அதை இயக்கும் டிரைவர் நிரலோ காரணமாக இருக்கலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸ் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் இருண்டு மீண்டால், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பத்து வினாடிகூடப் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்யாமல் உதிரிபாகம் வாங்குவது வீண்செலவு.

இரண்டாவது தவறு என் சொந்தத் தவறு. உட்லண்ட்ஸில் இருக்கும் என் அத்தையின் மேசைக் கணினி நாளுக்கு இரண்டு முறை உறைந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ரேமை மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன், உள்ளே தூசி தட்டினேன், கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. புது ரேம்தான் காப்பாற்றியது என்று நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அத்தை தொலைபேசியில் அழைத்து, “ஏம்ப்பா, திரும்பவும் நின்னுபோச்சே” என்றார். அதன் பிறகே, வன்தட்டு தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சி7 என்ற வரியில் எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் பிழை நேரும்போது கூடும் எண் அது. வட்டு நன்றாகவே இருந்தது, தளர்ந்துபோயிருந்தது இரண்டையும் இணைக்கும் சாட்டா கம்பி. பெட்டியைத் திறந்து துடைத்தபோது கை பட்டு அக்கம்பி சற்று அழுந்தியிருக்க வேண்டும். இரண்டு வார நிம்மதிக்கு அதுதான் காரணம். சில வெள்ளி மதிப்புள்ள கம்பியை மாற்றியதோடு பழுது தீர்ந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் பொறுத்துப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போகாவிட்டால், கணினி சரியானாலும் ஏன் சரியானது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது, கோப்புகளுக்கு நகல் எடுக்கும் முன்பே வட்டைச் ‘சரிசெய்ய’ முனைவது. பழைய வன்தட்டில் ஒரு பகுதி கெட்டுப்போனால், வட்டு அதை விட்டுவிட்டு மேலே செல்வதில்லை. படித்துவிடலாம் என்று திரும்பத் திரும்ப முயல்கிறது. வீட்டுக் கணினிகளுக்கான வட்டுகளில் இம்முயற்சி பல வினாடிகள், சில வேளைகளில் ஒரு நிமிடம்கூட நீளும். அவ்வளவு நேரமும் விண்டோஸ் காத்து நிற்பதைத்தான் நாம் உறைதல் என்கிறோம். இந்நிலையில் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்து வட்டின் ஒவ்வொரு மூலையையும் சோதிக்கச் சொல்வது, மூச்சுத் திணறுபவரை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது. தள்ளாடிக்கொண்டிருந்த வட்டு அந்தச் சோதனையின் நடுவிலேயே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பள்ளிக் கோப்புகளையும் முதலில் வேறொரு வட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சாதாரண முறையில் நகலெடுக்கும்போதே வட்டு திணறினால், லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ போன்ற கருவி உதவும். அது எளிதில் படிக்கக்கூடியதை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். வட்டிலிருந்து டக், டக் என்ற ஓசை கேட்டால் அதையும் செய்யாமல் உடனே அணைத்துவிடுவது நல்லது.

ஸ்மார்ட் பதிவைப் பார்ப்பவர்களும் ஒரு பிழை செய்கிறார்கள். மேலே ‘நல்ல நிலை’ என்று பச்சை நிறத்தில் எழுதியிருப்பதை நம்பி மூடிவிடுகிறார்கள். அந்தப் பச்சைக் குறியைவிட 05, சி5 ஆகிய இரண்டு வரிகளே பேசும். முன்னது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. பின்னது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இவை சுழியமாக இல்லாமல் வாரத்துக்கு வாரம் ஏறினால், அந்த வட்டின் காலம் முடிந்துவருகிறது.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இருப்பதால் வட்டில் கோளாறு வராது என்று எண்ணுவதும் சரியல்ல. குரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி, மொத்தம் 5,184 மணி நேரம் இயங்கியபின் பதிலளிக்காமல் நின்றுவிட்டது. மறுபடி இயக்கினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மீண்டும் நின்றது. காரணம் அதனுள் இருந்த நிரலில் இருந்த பிழை. 2012 ஜனவரியில் வெளியான புதுப்பிப்பு அதைத் தீர்த்தது. அதுவரை எத்தனை பேர் குற்றமற்ற ரேமை மாற்றியிருப்பார்களோ!

அடுத்தது சூடு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதனால் இங்கே தூசி உலர்ந்த தூளாக இருப்பதில்லை. வீவக அடுக்குமாடி வீட்டின் சமையல் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அதனுடன் சேர, மின்விசிறிக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடுகளின் மீது கம்பளித் துணி போர்த்தியது போல் படிகிறது. போதாததற்கு, மேற்கு வெயில் விழும் அறையில், மேசையின் அடியில் உள்ள மூடிய அறைக்குள் கணினியைத் தள்ளிவைக்கிறோம். இதைச் சுத்தம் செய்யக் கிளம்பும்போது மூன்று தவறுகள் நேர்கின்றன: வீட்டுத் தூசு உறிஞ்சியின் முனையை மதர்போர்டின் மேலே ஓட்டுவது (அதன் நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும்), காற்றை ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளாமல் கட்டற்றுச் சுழலவிடுவது, செயலியின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தும் அதை மாற்றாமல் குளிர்விப்பானைக் கழற்றி அப்படியே மறுபடி பொருத்துவது.

ஆனால் உறைதல் எல்லாவற்றுக்கும் சூட்டையே காரணமாகச் சொல்லும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. மையச் செயலி அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது. வேகம் குறைவதும் திடீரென அணைவதும் சூட்டின் அடையாளங்கள். காலையில் இயக்கிய சில நிமிடங்களில் உறைந்து, இரண்டு மூன்று முறை மறுபடி இயக்கி உடம்பு சூடேறிய பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கணினியை விசிறி மாற்றிக் குணப்படுத்த முடியாது. மதர்போர்டிலோ மின்வழங்கியிலோ உள்ள மின்தேக்கிகள் வயதாகி வலுவிழந்திருக்கலாம். தலைப்பக்கம் தட்டையாக இல்லாமல் உப்பிய மின்தேக்கியைக் கண்ணாலேயே காணலாம்.

மின்வழங்கியைத் திறந்து பார்க்க மட்டும் யாரும் துணிய வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமாக மாறித் தேங்கி நிற்கிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் நல்ல நிலையில் உள்ள வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதுதான் முறை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டதும் மின்வழங்கி போய்விட்டது என்று முடிவுகட்டுவோர் பலர். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அப்பதிவு சொல்கிறது; பொத்தானை அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்தாலும் அதே பதிவு விழும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் வட்டு, டிரைவர் பற்றிய எச்சரிக்கைகள் உள்ளனவா என்று பார்ப்பதே பயனுள்ளது. விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டர் அவற்றை நாள்வாரியாக, படிக்க எளிதாகக் காட்டும்.

ரேமைப் பொறுத்தவரை பெரிய பிழை அரைமணி நேரச் சோதனையோடு திருப்தி அடைவது. மெம்டெஸ்ட்86 போன்ற நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிறகு ஒரு பட்டையை மட்டும் விட்டுவைத்து மாறி மாறிச் சோதித்தால், குற்றவாளி பட்டையா, அதைப் பொருத்தும் இடமா என்பது தெளிவாகும்.

மென்பொருள் பக்கம் வந்தால், இரண்டு வைரஸ் எதிர்ப்பு நிரல்களை ஒன்றாக ஓடவிடுவதும், ‘ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன்’, ‘எல்லா டிரைவர்களையும் புதுப்பிக்கிறேன்’ என்று அழைக்கும் இலவச நிரல்களை நிறுவுவதும் பழைய கணினியின் சுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை தோன்றி, இந்த எண்ணை அழையுங்கள் என்று சொன்னால் அது உறைதலே அல்ல, மோசடி. அந்த எண்ணை அழைக்காமல், ஐயமிருந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேட்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால்தான் கணினி உறைகிறது என்று சொல்வதும் அண்மையில் காதில் விழுகிறது. ஆதரவு முடிந்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நிற்கும். அதனால் கணினி உறையாது. வன்பொருள் தகுதி இல்லாத பழைய கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றினால், பழைய பழுதும் புதிய சுமையும் ஒரே பெட்டியில் கூடும்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு என் கணக்கு எளியது. கம்பி, தெர்மல் பேஸ்ட், மதர்போர்டில் உள்ள சிறிய பயாஸ் மின்கலம், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்குச் செலவிடலாம். எஸ்எஸ்டியை அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்ல முடியும். மதர்போர்டுதான் போய்விட்டது என்று உறுதியானால், அதே காலத்துப் பழைய மதர்போர்டைத் தேடி அலைவதில் பொருளில்லை. 2021 ஜூலை 1 முதல், 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள பெரிய மின்னணுக் கடைகள் தங்கள் கடையிலேயே மின்கழிவைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கழற்றிய அந்த வட்டை யுஎஸ்பி உறைக்குள் போட்டுக் குடும்பப் படங்களுக்கான காப்பு வட்டாக அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சி5 எண் ஏறிக்கொண்டிருந்த வட்டு, உறை மாறியதால் குணமாகிவிடுவதில்லை.