மின்தூக்கியில் ஏறி இயற்பியலைத் திருப்பிப் படிப்பது எப்படி

இயற்பியலைத் திருப்பிப் படிக்க உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் சூத்திரத் தாளைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதை மடித்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். வெள்ளைத் தாள், பென்சில், அடிக்கோல், சில வண்ணப் பென்சில்கள் போதும். எந்தப் பாடமானாலும் முதல் வேலை படம் வரைவது. படம் சரியாக வந்தால் எந்தச் சூத்திரம் வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். படம் வரவில்லை என்றால், சூத்திரம் எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும் பாடம் இன்னும் புரியவில்லை.

நான் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில், உயர்நிலை நான்கில் படிக்கும் என் பேத்திக்கும் அவள் தோழிகளுக்கும் இயற்பியல் சொல்லித் தருகிறேன். பாடத்தில் பாதிக்கு மேல் அந்த மேசைக்குப் பத்தடி தள்ளி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது இலவச ஆய்வுக்கூடம்.

இயக்கத்தில் தொடங்குங்கள். முதலில் ஒரு மாடியின் உயரம் வேண்டும். அதற்குப் படிக்கட்டுக்குப் போங்கள். ஒரு படியின் உயரத்தை அடிக்கோலால் அளந்து, ஒரு மாடிக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். 17.5 சென்டிமீட்டர் படி, மாடிக்கு 16 என்றால் 2.8 மீட்டர். கீழ்த்தளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல புளோக்குகளில் அது மற்ற மாடிகளைவிட உயரம். இரண்டாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடி வரை ஏறுங்கள். ஏழு மாடி, 19.6 மீட்டர்.

ஏறும்போது ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கட்டும். கிளம்பி வேகம் எடுக்க 2 வினாடி, நிற்பதற்கு முன் வேகம் குறைய 2 வினாடி, மொத்தம் 14 வினாடி என்று வைத்துக்கொள்வோம். இப்போது திசைவேக-நேர வரைபடம் வரையுங்கள். மேலே ஏறும் கோடு, கிடைக்கோடு, இறங்கும் கோடு: ஒரு சரிவகம். அதன் பரப்பளவுதான் கடந்த தூரம். இணைப்பக்கங்கள் 14, 10. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 12. அதை உச்ச வேகத்தால் பெருக்கினால் 19.6 வர வேண்டும். ஆகவே உச்ச வேகம் வினாடிக்கு 1.63 மீட்டர். முதல் கோட்டின் சாய்வு முடுக்கம்: 1.63-ஐ 2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.8. உங்கள் புளோக்கில் வேறு எண்கள் வரும், வரத்தான் வேண்டும். சாய்வு முடுக்கம், பரப்பளவு தூரம் என்பதைத் தன் கையால் அளந்து கண்டுபிடித்த பிள்ளை அதைத் தேர்வறையில் மாற்றி எழுதமாட்டாள்.

அடுத்தது விசை. உயர்நிலை இயற்பியலின் அஸ்திவாரம் இதுதான், அதனால் இங்கே நேரத்தைச் செலவிடத் தயங்காதீர்கள். வீட்டில் முள் வைத்த பழைய எடைக்கருவி இருந்தால் எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்குள் போய் அதன்மேல் நில்லுங்கள். ஆள் குறைவான நேரமாகப் பாருங்கள். உள்ளே குதிக்க வேண்டாம், கதவைக் கையால் தடுக்கவும் வேண்டாம். எந்த மின்தூக்கியும் நடுவழியில் நிற்கக்கூடாது என்று உழைத்தவன் கேட்டுக்கொள்கிறேன்.

50 கிலோகிராம் நிறையுள்ள பெண் என்று கொள்வோம். அவள் எடை 500 நியூட்டன். உயர்நிலை நான்கின் முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வுக்கான பாடத்தில் கிலோகிராமுக்கு 10 நியூட்டன் என்றே கணக்கிடுகிறோம். மேலே கிளம்பும் அந்த 2 வினாடியில் முள் 54-ஐத் தொடும். நடுவழியில் சீரான வேகத்தில் போகும்போது 50. நிற்கப்போகும் நேரத்தில் 46. அவள் நிறை மாறவில்லை, பூமி அவளை இழுக்கும் விசையும் மாறவில்லை. கருவி காட்டுவது தரை அவளை மேலே தள்ளும் விசையை. படம் வரையுங்கள்: ஒரு புள்ளி, கீழ்நோக்கி 500, மேல்நோக்கி 540. நிகர விசை 40 நியூட்டன், மேல்நோக்கி. 50 கிலோகிராமை 0.8-ஆல் பெருக்கினாலும் அதே 40.

பிறகு கீழே இறங்கும்போதும் அதே மூன்று கட்டங்களைப் பாருங்கள். கிளம்பும்போது 46, நிற்கும்போது 54. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். போகும் திசை வேறு, முடுக்கத்தின் திசை வேறு. கீழே போய்க்கொண்டே வேகம் குறைந்தால் முடுக்கம் மேல்நோக்கி இருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது நிகர விசை பூஜ்யம். ஓடுகிற பொருளுக்கு ஓடும் திசையில் ஒரு விசை இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை இந்த ஒரு பயணம் உடைத்துவிடும்.

இந்த எண்களிலேயே நியூட்டனின் மூன்றாம் விதியையும் முடித்துவிடலாம். எடையும் தரை தரும் விசையும் வினை-எதிர்வினை ஜோடி என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அப்படி ஒரு ஜோடியின் இரு விசைகளும் எப்போதும் சமமாகவே இருக்கும். மின்தூக்கியில் ஒன்று 500, மற்றது 540. ஆகவே அவை ஜோடி ஆகவே முடியாது. இரண்டும் ஒரே பொருளின்மேல் செயல்படுகின்றன என்பதே காரணம். தரை உங்களை மேலே தள்ளும் 540-க்கு ஜோடி, நீங்கள் தரையைக் கீழே தள்ளும் 540. பூமி உங்களை இழுக்கும் 500-க்கு ஜோடி, நீங்கள் பூமியை இழுக்கும் 500. ஒவ்வொரு விசைக்கும் "எது, எதன்மேல்" என்று இரண்டு பெயர் எழுதிப் பழகுங்கள். பெயர் எழுதாத அம்புக்குறியை எங்கள் மேசையில் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கயிறு அறுந்தால் முள் என்ன காட்டும் என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். எதுவும் தடுக்காமல் விழுந்தால் பூஜ்யம். ஆனால் எடை அப்போதும் 500 நியூட்டன்தான். நடப்பில் அப்படி விழ விடமாட்டார்கள். கயிறுகள் பல, வேகம் மீறினால் வழிகாட்டித் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பும் உண்டு. எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க்கில் உயரத்தில் ஒரு மேடையில் நின்று, கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதைக் கூட்டத்துக்குக் காட்டினார். அந்த யோசனையின் வழிவந்தவைதான் நம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கின்றன.

ஆற்றலுக்கும் அதே 19.6 மீட்டர் போதும். 50 கிலோகிராம், 10, 19.6 மூன்றையும் பெருக்கினால் 9,800 ஜூல். 14 வினாடியில் ஏறினால் 700 வாட். அதே உயரத்தைப் படிக்கட்டில் 70 வினாடியில் ஏறினால் 140 வாட். ஆற்றல் ஒன்றே, திறன் வேறு. மூச்சு வாங்கும் கால்கள் அந்த வேறுபாட்டைச் சொல்லித் தரும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மின்தூக்கிக் கூண்டைத் தாங்கும் கயிறுகளின் மறுமுனையில் எதிர்எடை தொங்குகிறது. அதன் நிறை, காலிக் கூண்டின் நிறையோடு முழுச் சுமையில் ஏறத்தாழப் பாதியைச் சேர்த்தது. அப்படியானால் காலி மின்தூக்கி கீழே வரும்போது மோட்டார் எதைத் தூக்குகிறது? எதிர்எடையை. யாரும் இல்லாமல் இறங்கும்போதும் மோட்டாருக்கு வேலை உண்டு. இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நிலையாற்றல் பாடம் முடிந்தது.

மின்சுற்றுக்கு வண்ணப் பென்சில். சுற்றுப் படத்தில், இடையில் எந்த உறுப்பும் இல்லாமல் தொடரும் கம்பி முழுவதையும் ஒரே வண்ணத்தில் தீட்டுங்கள். மின்தடையையோ விளக்கையோ மின்கலத்தையோ தாண்டினால் வண்ணத்தை மாற்றுங்கள். இரு முனையிலும் ஒரே ஜோடி வண்ணங்கள் உள்ள உறுப்புகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு மின்னழுத்த வேறுபாடு ஒன்றே. கோணல்மாணலாக வரைந்து குழப்பும் கேள்விகள்கூட வண்ணத்துக்கு முன் நிற்காது.

12 வோல்ட் மின்கலம், 4 ஓம், 2 ஓம் இரண்டையும் வைத்துப் பழகுங்கள். தொடர் இணைப்பில் எங்கும் 2 ஆம்பியர். மின்னழுத்தம் 8, 4 என்று பிரிகிறது. பக்க இணைப்பில் இரண்டுக்கும் 12 வோல்ட். மின்னோட்டம் 3, 6, மின்கலத்திலிருந்து 9 ஆம்பியர். மின்னோட்டம் முதல் விளக்கில் கொஞ்சம் தீர்ந்துபோய் மீதிதான் அடுத்ததற்குப் போகிறது என்று நினைத்தால், தொடர் இணைப்பில் அந்த 2 ஆம்பியர் ஏன் எங்கும் 2 ஆகவே இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். விளக்கில் கடத்தப்படுவது ஆற்றல்தான்; மின்னூட்டம் அப்படியே சுற்றி வருகிறது.

வீட்டு மின்சாரத்துக்கு அடுப்படிக்குப் போங்கள். 230 வோல்ட்டில் 2,200 வாட் கெட்டில் ஏறத்தாழ 9.6 ஆம்பியர் எடுக்கும். ஆகவே 13 ஆம்பியர் ஃபியூஸ். 5 ஆம்பியர் போட்டால் உருகிவிடும். ஃபியூஸும் சுவிட்சும் பழுப்பு நிறக் கம்பியில் இருக்க வேண்டிய காரணத்தை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்; அடிக்கடி கேட்கப்படுவது. அதே கெட்டிலில் ஒரு கிலோகிராம் தண்ணீர், நம் ஊர் 30 டிகிரியிலிருந்து 100 வரை: 4,200-ஐ 70-ஆல் பெருக்கினால் 294,000 ஜூல். திறனால் வகுத்தால் 134 வினாடி. கடிகாரம் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். கெட்டிலின் உடலும் சூடாகிறது, வெப்பம் வெளியேயும் போகிறது. கொதிக்கத் தொடங்கியபின் வெப்பநிலை ஏறாமல் நிற்பது உள்ளுறை வெப்பத்துக்கான கேள்வி.

மின்காந்தத்துக்கு என் தொழிலிலிருந்து ஒரே எடுத்துக்காட்டு. மின்தூக்கியின் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது சுருள்வில். மின்சாரம் வந்தால் மின்காந்தம் அதை இழுத்துத் திறக்கும். மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏன் இப்படி, ஏன் தலைகீழாக வைக்கவில்லை என்று விளக்குங்கள். அலை, ஒளி, கதிரியக்கம் மூன்றுக்கும் எங்கள் மேசையில் குறைந்த நேரமே ஒதுக்குகிறேன். கதிர்களுக்கு அம்புக்குறி, செங்கோட்டிலிருந்து அளக்கும் கோணம், அரை ஆயுளுக்கு ஓர் அட்டவணை, மிச்சம் பயிற்சி.

ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் படத்தையும் வரையறைகளையும் எழுதுங்கள். விடுபட்டதைச் சிவப்பில் சேருங்கள். சில நாள் கழித்துப் புதுத் தாளில் மீண்டும், பிறகு இன்னும் சில நாள் கழித்து. வீட்டில் பாட்டி இருந்தால் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள், தேர்வு ஆங்கிலத்தில்தான், ஆனால் பாட்டி இடையில் கேட்கும் "ஏன்?" என்ற கேள்விக்குச் சூத்திரத்தால் பதில் சொல்ல முடியாது.

அதன்பின் தேர்வுத்தாள்கள். தனிப் பாடமாக எடுக்கும் இயற்பியலில் முதல் தாள் ஒரு மணி நேரத்தில் 40 கேள்வி, 30 விழுக்காடு. இரண்டாம் தாள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 80 மதிப்பெண், 50 விழுக்காடு. செய்முறைத் தாள் 20 விழுக்காடு. 2027 முதல் ஓ நிலை என்ற பெயர் போய் புதிய இடைநிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. பெயர் மாறினாலும் படிக்கும் முறையை மாற்ற வேண்டியதில்லை. கடந்த ஆண்டுத் தாள்களை முதலில் பாடவாரியாகவும் கடைசியில் கடிகாரம் வைத்து முழுத் தாளாகவும் செய்யுங்கள். திருத்தும்போது அலகு விடுபட்டதா, திசை விடுபட்டதா, காரணமே தெரியவில்லையா என்று பிரித்துக் குறியுங்கள். முதல் இரண்டும் பழக்கத்தால் சரியாகும். மூன்றாவது வந்தால் வெள்ளைத் தாளுக்குத் திரும்ப வேண்டும்.

செய்முறைத் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வீட்டிலேயே நூலில் ஒரு சாவியைக் கட்டி ஊசலாக்கி, 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்து 20-ஆல் வகுத்து அலைவுக் காலம் எடுங்கள். ஆறு வெவ்வேறு நீளத்துக்குச் செய்து, நீளத்துக்கு எதிராக அலைவுக் காலத்தின் வர்க்கத்தை வரைபடமாக்குங்கள். புள்ளிகள் தாளின் பாதிக்கு மேல் பரவும்படி அளவுத்திட்டம் எடுங்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைக்காமல் நடுவே ஒரே நேர்கோடு போடுங்கள். சாய்வுக்கான முக்கோணம் அந்தக் கோட்டின் பாதிக்கு மேல் பெரிதாக இருக்கட்டும். அதன் முனைகளின் அளவுகளைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.