ஓடும்போது எச்ஆர்வி பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"ஜோன் 2-வில் ஓடுங்கள்" என்று சொல்லாத பயிற்சியாளரே இப்போது இல்லை. ஜோன் 2 என்பது பேசிக்கொண்டே ஓடக்கூடிய சுலபமான துடிப்பு அளவு. ஆனால் அது உங்களுக்கு எங்கே முடிகிறது என்று கேட்டால்தான் சிக்கல். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவது பழைய வழி. ஒரே வயதுள்ள இரண்டு பேரின் உச்சத் துடிப்பு 20 வரைகூட வித்தியாசப்படும் என்பதால் அந்தக் கணக்கு பலருக்குப் பொருந்துவதில்லை. லேபில் முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளக்கலாம், விரல் நுனியில் ரத்தம் எடுத்து லாக்டேட் (கடினமாக ஓடும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) பார்க்கலாம். இரண்டுக்கும் பணமும் வசதியும் வேண்டும்.

2020, 2021 வாக்கில் புரூஸ் ரோஜர்ஸ், தாமஸ் குரோன்வால்ட் போன்றவர்கள் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு இன்னொரு வழி பேசப்பட ஆரம்பித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் எத்தனை மில்லி விநாடி என்று ஓடும்போதே பதிவு செய்து, அந்த வரிசையிலிருந்து டிஎஃப்ஏ ஆல்ஃபா 1 என்ற எண்ணைக் கணக்கிடுவது. அந்த இடைவெளிகள் கூடிக் குறைவதற்குத்தான் எச்ஆர்வி என்று பெயர். இந்தக் கணித முறை புதியதல்ல. 1990-களின் நடுவில் பெங் குழுவினர் உருவாக்கியது. இடைவெளிகள் கூடிக் குறைவதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா, இல்லை தாறுமாறாக இருக்கிறதா என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. நிதானமாக நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் 1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். வேகம் கூடக் கூட இறங்கும். 0.75 வரும் இடம் ஏரோபிக் த்ரெஷோல்டை, அதாவது சுலபமான ஓட்டத்தின் மேல் எல்லையை ஒட்டி இருக்கிறது என்பது ரோஜர்ஸ் குழுவினர் கண்டது. 0.5-இல் ஒழுங்கு என்று எதுவும் மிஞ்சாது. அது இரண்டாவது த்ரெஷோல்டின், அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாத கடின ஓட்டம் தொடங்கும் எல்லையின் பக்கம்.

கேட்க அருமையாக இருக்கிறது. இப்போது பல ஆப்கள் இதை ஓட ஓடவே திரையில் காட்டுகின்றன. அதைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் காலை எச்ஆர்வியைப் படிப்பதுபோல இதையும் படிப்பதுதான் முதல் கோளாறு.

காலையில் எழுந்ததும் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் ஆர்எம்எஸ்எஸ்டி என்ற வேறொரு அளவு. அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதை அது சொல்லும்; உடல் ஓய்வில் இருக்கிறதா என்பதற்கு நல்ல குறி. உடற்பயிற்சி தொடங்கியதும் அது மளமளவென்று சரிந்து, நடுத்தர வேகத்துக்கு வருவதற்குள் சில மில்லி விநாடிகளில் போய்த் தரை தட்டிவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு வேகம் கூட்டினாலும் அதில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆகவே ஓடும்போது ஆர்எம்எஸ்எஸ்டியைக் காட்டும் திரையால் பயனில்லை. அதேபோல "எச்ஆர்வி கூடினால் நல்லது" என்ற காலைநேரப் பாடமும் இங்கே செல்லாது. ஆல்ஃபா 1-இன் அளவு 1.2 என்றால் ஆரோக்கியம், 0.7 என்றால் கோளாறு என்று அர்த்தமில்லை. முன்னது மெதுவாகப் போகிறீர்கள், பின்னது வேகமாகப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கருவி. இதில்தான் பெரும்பாலானவர்களின் எண் கெட்டுப்போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கைக்கடிகாரம் இதயத்தின் மின்துடிப்பைப் பார்ப்பதில்லை. பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ரத்தம் வந்து போவதைப் பார்க்கிறது. கை ஆடும்போது அந்த அலை கலங்கும். நிமிடத்துக்குச் சராசரியாக எத்தனை துடிப்பு என்று சொல்ல அது போதும். சில சமயம் அதுவும் போதாது: உங்கள் காலடி எண்ணிக்கையையே இதயத் துடிப்பு என்று நினைத்து 175 என்று காட்டும் வாட்ச்களை ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் மில்லி விநாடித் துல்லியத்தில், அதுவும் ஓடும்போது, அதனிடம் எதிர்பார்க்க முடியாது. மார்பில் கட்டும் ஸ்ட்ராப் கட்டாயம். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது போலார் எச்10.

ஸ்ட்ராப் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 150 என்றால் இரண்டு துடிப்புகளுக்கு இடையில் 400 மில்லி விநாடி. அந்த வேகத்தில் இயல்பான ஏற்ற இறக்கம் சில மில்லி விநாடிகள்தான்: 398, 403, 401 என்று போகும். நடுவில் ஸ்ட்ராப் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் 800 என்று ஓர் எண் நுழைந்துவிடும். அந்த ஒரு எண்ணுக்கு முன்னால் மற்ற ஏற்ற இறக்கம் எல்லாம் ஒன்றுமே இல்லை. அதைத் திருத்தாமல் விட்டால் ஆல்ஃபா 1-ஐ 0.5 பக்கம் இழுக்கும். சும்மா நடக்கிறவரையும் மூச்சு வாங்க ஓடுகிறவராகக் காட்டும். ஆப் திருத்தினாலும் முழுத் தீர்வு இல்லை. விட்டுப்போன இடத்தில் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஒரு வழவழப்பான எண்ணை அது இட்டு நிரப்பும். கடினமான ஓட்டத்தில் இப்படி நிறைய இடங்களை நிரப்பினால் ஆல்ஃபா 1 உண்மையைவிட மேலே காட்டும். அப்போது நீங்கள் வேகமாகப் போய்க்கொண்டே "இன்னும் சுலபம்தான்" என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு தவறுகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே திரையில் ஆல்ஃபா 1-க்குப் பக்கத்தில் பிழைத் துடிப்புகளின் சதவீதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். 3 சதவீதத்துக்குள் இருந்தால் நம்பலாம். 5-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். 150 துடிப்பில் 2 நிமிடத்துக்கு 300 துடிப்பு. அதில் 3 சதவீதம் என்றால் 9 துடிப்புதான். ஸ்ட்ராப்பின் மின்முனைகளைத் தண்ணீரிலோ ஜெல்லிலோ நன்றாக நனைத்து, ஓடும்போது நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். பனியனோ ஸ்போர்ட்ஸ் பிராவோ அதன்மேல் உரசாமல் பாருங்கள். பழைய பட்டை என்றால் மாற்றுங்கள். இணைப்புக்கு ஆன்ட் பிளஸ் என்ற வயர்லெஸ் முறையைவிட ப்ளூடூத் நல்லது. முன்னதில் துடிப்புத் தகவல் வழியில் காணாமல் போவது அதிகம்.

மூன்றாவது, இதை வண்டியின் ஸ்பீடோமீட்டர் போலப் பார்ப்பது. ஆப்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை எண்ணைப் புதுப்பிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது கணக்கிடுவது கடந்த 2 நிமிடத் துடிப்புகளை வைத்து. நீங்கள் பாலத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் ஏற்றம் எண்ணில் முழுமையாகத் தெரியும். சிக்னலில் ஒரு நிமிடம் நின்றால் அடுத்த இரண்டு நிமிடத்து எண் குப்பை. 400 மீட்டர் இன்டர்வல்களில் (வேகமாக ஓடி, இடையில் ஓய்வெடுக்கும் பயிற்சி) இதைப் பார்ப்பது வீண் வேலை. அங்கே வேகமும் மூச்சும் போதும். சீராக ஓடும்போதுகூட 0.9, 0.75, 0.85 என்று அலையும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் வேகத்தைக் குறைத்தால் ஓட்டமே நடக்காது. முதல் 10 நிமிடத்தை விட்டுவிட்டு, அப்புறம் ஐந்து நிமிடச் சராசரி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

0.75 என்ற எண்ணைக் கல்வெட்டாக நினைப்பதும் நடக்கிறது. இந்த எண்ணைச் சொன்ன முதல் ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர், எல்லோரும் ஆண்கள். குழுவின் சராசரி லேப் அளவோடு அழகாகப் பொருந்தியது உண்மை. தனி மனிதர்களைப் பார்த்தால் இடைவெளி பெரிதாகவே வருகிறது. பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. என் கருத்தில் இது ஒரு நல்ல சந்தேகக் கருவி, அதற்கு மேல் இல்லை. டிரெட்மில்லிலோ சைக்கிள் டிரெயினரிலோ நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு, 6 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் கடைசி 2 நிமிட ஆல்ஃபா 1-ஐயும் துடிப்பையும் குறியுங்கள். 0.75-ஐக் கடக்கும்போது துடிப்பு எவ்வளவு? அந்தத் துடிப்பில் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? வேறொரு நாள் செய்தாலும் அங்கேயே வருகிறதா? மூன்றும் ஒத்துப்போனால் அந்தத் துடிப்பு எண்ணை வைத்துக்கொண்டு ஓடலாம். ஆல்ஃபா 1 ஒன்று சொல்லி, பேச்சு வேறொன்று சொன்னால் நான் பேச்சைத்தான் நம்புவேன்.

களைப்பை மறந்துவிடுவது அடுத்த தவறு. நீண்ட ஓட்டத்தின் மூன்றாவது மணியில், வேகமும் துடிப்பும் பழையபடியே இருந்தாலும் ஆல்ஃபா 1 இறங்கும். 6 மணி நேர அல்ட்ரா ஓட்டக்காரர்களிடம் ரோஜர்ஸ் குழு இதைப் பார்த்திருக்கிறது. "த்ரெஷோல்ட் குறைந்துவிட்டது" என்று பயந்து ஜோன்களை மாற்றி எழுதாதீர்கள். உடல் சோர்ந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். த்ரெஷோல்ட் தேடும் சோதனையைக் கடினமான பயிற்சிக்கு மறுநாள் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். சொல்லப்போனால் இந்த எண்ணின் உருப்படியான பயன் இங்கேதான் இருக்கிறது: வழக்கமான வேகத்தில் வார்ம்-அப் செய்யும்போதே வழக்கத்தைவிட மிகக் கீழே காட்டினால், அன்றைய டெம்போ ஓட்டத்தை (சீரான கடின ஓட்டம்) ஒத்திப்போட அது ஒரு காரணம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) உள்ளவர்களுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், அடிக்கடி இடைத்துடிப்பு (முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்பு) வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. துடிப்பின் ஒழுங்கை அங்கே வேறு ஏதோ தீர்மானிக்கிறது. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுகிறவர்கள் வேகத்தின் எல்லையை ஆப்பிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஸ்ட்ராப் சரியாக இருந்தும் பிழைத் துடிப்பு தொடர்ந்து அதிகமாக வந்தால், ஆப்பைத் திட்டுவதற்கு முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். கூடவே தலைசுற்றலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, நண்பரின் எண்ணோடு ஒப்பிடுகிற பழக்கம். ஒரே பதிவை இரண்டு மென்பொருள்களில் போட்டாலும் ஆல்ஃபா 1 வேறு வேறாக வரும். பிழைத் துடிப்பைத் திருத்தும் முறையும், மெதுவான ஏற்ற இறக்கத்தைக் கழிக்கும் முறையும் ஒவ்வொன்றிலும் வேறு. குபியோஸ் என்ற எச்ஆர்வி மென்பொருளில் ஒன்று, போனில் இருக்கும் ஆப்பில் ஒன்று என்று வந்தால் எது சரி என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஏதாவது ஒன்றில் நிலைத்து, அதே ஸ்ட்ராப்போடு உங்கள் பழைய எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆப் அப்டேட் ஆனால் பழைய பதிவு ஒன்றை மறுபடி அதில் ஓட்டி, அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.