ஸ்வீடன் கோடை: ஜூலையில் லீவு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

மே மாதக் கடைசியில், அலுவலகச் சாப்பாட்டு அறையில், திருச்சிக்காரத் தம்பி ஒருவன் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான். உப்சாலாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணா, ஜூலையில் எல்லாரும் லீவில் போய்விடுவார்களாமே. எனக்கு லீவு வேண்டாம், நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்" என்றான். நல்ல பெயர் வாங்கிவிட்ட நிறைவு முகத்தில் தெரிந்தது. 2007-இல், இதே ஊரில், வேறோர் அலுவலகத்தில் நானும் ஏறக்குறைய இதே சொற்களைச் சொன்னேன். தட்டில் இருந்தது ஆறிப்போகும் வரை அவனிடம் பேசினேன். அன்று பேசியதையும், பேச விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

புளிக்கவைத்த மீன் டின்னை வீட்டுக்குள் திறக்கக் கூடாது, வடக்கே போனால் கொசுவுக்கு மருந்து வேண்டும் என்பதையெல்லாம் முதல் வாரமே யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, கோடையில் நம்மவர்கள் இங்கே செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லீவு வேண்டாம் என்பது

ஸ்வீடிஷ் மொழியில் விடுமுறைக்கு 'செமஸ்டர்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குத் தேர்வு நினைவுக்கு வருகிறது, இவர்களுக்கு ஏரிக்கரை. 1938-இல் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தது. 1951-இல் அது மூன்று வாரம், 1963-இல் நான்கு, 1977-இல் இயற்றிய சட்டத்தில் ஐந்து, அதாவது 25 வேலை நாள். அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ச்சியாக எடுக்க ஊழியருக்கு உரிமை உண்டு. லீவு நாளுக்குச் சம்பளம் மட்டுமல்லாமல், மேலே ஒரு சிறு தொகையும் சேர்த்துத் தருகிறார்கள். சட்டப்படி அது ஒரு நாளுக்கு மாதச் சம்பளத்தில் 0.43 சதவீதம், தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள பல இடங்களில் 0.8 சதவீதம். ஆளை வெளியே அனுப்புவதற்கு இவ்வளவு பாடுபட்ட நாட்டில், நான் போகமாட்டேன் என்று நிற்பதை யாரும் உழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் சொன்னபோது என் மேலாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஆனால் யாரோடு சேர்ந்து வேலை செய்வாய்?" என்று கேட்டார். அது எச்சரிக்கை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இங்கே பெரும்பாலும் தேதி சொல்லமாட்டார்கள், வார எண் சொல்வார்கள். 28-ஆம் வாரம் தொடங்கி 31-ஆம் வாரம் வரை, ஏறக்குறைய ஜூலை முழுவதும், நாடே மெல்ல அடங்கிவிடுகிறது. அந்த 28-ஆம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் சோதனைக் கணினிக்கான அனுமதி காலாவதியானது. அதைப் புதுப்பிக்கக்கூடியவர் ஒரே ஒருவர். அவருக்கு எழுதினேன். '32-ஆம் வாரம் திரும்புகிறேன், அவசரமானால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்' என்று தானியங்கிப் பதில் வந்தது. அந்த இன்னாருக்கு எழுதினேன். அவர் 33-ஆம் வாரம் திரும்புவதாகப் பதில் வந்தது.

மூன்றாம் மாடியில் என்னைத் தவிர ஆள் இல்லை. ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள் அவை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூடம் இருண்டுபோகும். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவேன், விளக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே வெயில் மாலை ஏழு மணிக்கும் உச்சி வெயில்போல அடித்துக்கொண்டிருந்தது. நான்கு வாரத்தில் நான் முடித்த வேலையை ஆகஸ்டில் எல்லாரும் வந்தபின் இரண்டு நாளில் செய்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய இழப்பு வீட்டில். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி ஜூன் நடுவில் மூடி ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். அவளுடைய தோழிகள் ஒவ்வொருவராகப் பாட்டன் வீட்டுக்கும், காட்டோரச் சிறுவீடுகளுக்கும் போய்விட்டார்கள். குடியிருப்பின் ஊஞ்சலில் அவள் தனியாக ஆடிக்கொண்டிருந்ததை என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அதைச் சொன்னது பல ஆண்டு கழித்து. ஏரியில் குழந்தைகளுக்கு நடத்தும் கோடை நீச்சல் வகுப்பில் அந்த ஆண்டு அவளைச் சேர்க்கவில்லை, கூட்டிப்போக ஆள் இல்லை என்று. தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டுக்கொண்டே போனது. பதினோரு வயதில்தான் நீந்தக் கற்றாள். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 200 மீட்டர், அதில் 50 மீட்டர் மல்லாந்து, நீந்தியாக வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பாடத்திட்டத்தின் விதி. கூடப் படித்தவர்கள் ஆழத்தில் பந்து விளையாடும்போது இவள் கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எடுக்காத லீவும் என் கையில் நிற்கவில்லை. 20 நாளுக்கு மேற்பட்ட சம்பள லீவு இருந்தால்தான், அந்த மேற்பட்ட நாட்களை அடுத்த ஆண்டுகளுக்குச் சேமிக்கலாம். எனக்குச் சேர்ந்திருந்ததே 15 நாள். அக்டோபர் கடைசியில் மேலாளர் அழைத்து, இனி எடுத்தே தீர வேண்டும் என்றார். நவம்பரில் மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். மகளுக்குப் பள்ளி, மனைவிக்கு மொழி வகுப்பு. மூன்றரை மணிக்கு முன்பே இருட்டிவிடும். கோடையின் உச்சத்தில் உப்சாலாவில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஜூலையில் ஒரு மாதம் வெயிலில் கிடந்தவர்கள் அந்த இருட்டைத் தாங்கிக்கொண்டார்கள். நான் பிப்ரவரி வருவதற்குள் சோர்ந்துபோனேன். சின்னச் சின்னதற்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுந்தேன்.

இன்றைக்கும் யாராவது வந்து, "நான் லீவு எடுக்கவில்லை அண்ணா" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள்மேல் உள்ள அக்கறையால் வரும் கோபம் அது.

தம்பி சொன்ன காரணம் வேறு: ஊருக்கு டிசம்பரில் போக நாள் வேண்டும் என்றான். நியாயம்தான், அம்மா அப்பா காத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அதற்கே வைக்காதீர்கள். லீவு ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. முந்தைய ஓராண்டில் உழைத்ததற்கு ஏற்பத்தான் சம்பள லீவு சேர்கிறது. அக்டோபரில் சேர்ந்த அவனுக்கு 13 நாள் வரும். அதற்கு மேற்பட்ட நாட்களைச் சம்பளமில்லாமல் எடுக்கும் உரிமையும் உண்டு. சில நிறுவனங்கள் 'முன்பண லீவு', அதாவது இன்னும் சேராத சம்பள லீவை முன்கூட்டியே, தருகின்றன. கேட்டு வாங்குங்கள், ஆனால் ஐந்து ஆண்டுக்குள் நீங்களாக வேலையை விட்டால் அந்தத் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நான் சொல்லும் கணக்கு எளிது: குறைந்தது மூன்று வாரம் ஜூலையில் தொடர்ச்சியாக, மிச்சம் பொங்கலுக்கு. எந்த வாரங்கள் என்று மார்ச்சிலேயே கேட்டுவிடுவார்கள். அப்போதே எழுதிக் கொடுங்கள்.

குழாய் ஒழுகல், பல் வலி, அலுவலகச் சான்றிதழ், எதுவானாலும் ஜூன் நடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

நாளைக்குப் போகலாம் என்பது

இன்று வெயில் அடித்தால் ஏரிக்கோ காட்டுக்கோ இன்றே போங்கள்.

மிட்சோமருக்கு விருந்தாளியாக மட்டும் போவது

கோடை நடுநாள் விழாவான மிட்சோமரின் முன்மாலை 1953 முதல் வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது, ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில். உண்மையான விழா அந்த வெள்ளிதான். அன்று கடைகள் சீக்கிரம் மூடிவிடும். மது விற்கும் அரசுக் கடையான சிஸ்டெம்போலாகெட் திறக்கவே திறக்காது. வியாழக்கிழமை அங்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

ஒரு மணிக்கு என்று அழைத்தால் ஒரு மணிக்கே போங்கள். அழைப்பு வந்தவுடன், "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேளுங்கள். நம் வழக்கத்தில் அது அழைத்தவரைச் சங்கடப்படுத்தும். இங்கே கேட்காமல் விடுவதுதான் சங்கடம். சைவம் என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஏனெனில் மேசையில் நடுநாயகம் ஊறவைத்த ஹெர்ரிங் மீன். வெந்தயக்கீரையைப் போல மணக்கும் என்று நம்பி டில் தழையைக் கடித்துவிடாதீர்கள், அது வேறு மணம். அதைப் போட்டு வேகவைத்த புதுக் கிழங்குக்கு ஈடு இல்லை. அப்போதுதான் தோண்டிய சின்ன உருளைக்கிழங்கு. கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் சுருண்டு வரும், விரல் நுனியில் ஈர மண் வாசனை நிற்கும். நான் போகும் வீட்டில் அதைச் சுரண்டும் வேலையை என்னிடம் கொடுத்த ஆண்டுதான், என்னையும் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உணர்ந்தேன்.

பிர்ச் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, அதைச் சுற்றிக் கை கோத்து ஆடுவார்கள். தவளையைப் போல் குந்திக் குதிக்கும் ஆட்டமும் அதில் உண்டு. எண்பது வயதுத் தாத்தாவும் குதிப்பார். புதியவர்கள் ஓரமாக நின்று கைபேசியில் படம் எடுக்கிறார்கள். உள்ளே போய்க் கை கோத்துக்கொள்ளுங்கள். பாட்டு தெரியாவிட்டால் பரவாயில்லை.

கம்பளிச் சட்டையும் மழைக் கோட்டும் கட்டாயம். பன்னிரண்டு டிகிரியில் தூறல் விழுந்தாலும் மேசையை உள்ளே கொண்டுபோகமாட்டார்கள்.

இவர்களுடைய வெயிலைப் பார்த்துச் சிரிப்பது

ஐந்து நாள் தொடர்ந்து 25 டிகிரியைத் தொட்டால் ஸ்வீடன் வானிலை மையத்தின் கணக்கில் அது வெப்ப அலை. வேலூரிலிருந்து வந்தவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இங்கே வீடுகள் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கக் கட்டியவை. பல வீடுகளில் மின்விசிறிகூட இல்லை. 30 டிகிரி வந்த ஒரு வாரம், மேல்மாடியில் தனியாக இருந்த மூதாட்டிக்குத் தண்ணீரும் ஈரத்துணியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு முதியவர்களின் கதவைத் தட்டிப் பாருங்கள்.

உண்ணியைப் பொருட்படுத்தாமல் விடுவது

மகளின் முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு கறுப்புப் புள்ளி. மச்சம் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் அதற்குக் கால்கள் அசைந்தன.

ஊரில் மாட்டின்மேல் பார்த்த உண்ணியின் உறவுதான், ஆனால் வேறு இனம். இங்கே அது இரண்டு நோய்களைக் கொண்டுவருகிறது. பொரேலியாவில், கடித்த இடத்தைச் சுற்றிச் செந்நிறம் நாளுக்கு நாள் அகலமாகும். அது ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவினால் மருத்துவரிடம் போங்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் தீரும். டி.பி.இ. என்பது மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல். அதைத் தீர்க்க மருந்து இல்லை, தடுக்க ஊசி மட்டும் உண்டு. உப்சாலா, ஸ்டாக்ஹோம் பகுதிகள் அதற்குப் பேர்போனவை. முதல் ஊசிக்கு ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன்பின் ஐந்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்றாவது. காடு பச்சையான பிறகு ஊசியைத் தேடி ஓடாமல், குளிர் இருக்கும்போதே தொடங்குங்கள். காட்டுக்குப் போய்வந்த அன்று இரவு குழந்தைகளின் காதுமடல், அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம்.

காடு எல்லாருக்கும் என்றால் எதுவும் செய்யலாம் என்று நினைப்பது

அடுத்தவர் நிலத்திலும் நடக்கலாம், ப்ளூபெர்ரி பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். இந்தப் பொது உரிமைக்கு 'அல்லெமான்ஸ்ரெட்' என்று பெயர். 1994 முதல் அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. தொந்தரவு செய்யாதே, கெடுக்காதே என்பது அதன் மறுபாதி. வீட்டை ஒட்டிய முற்றத்தில் நுழையக் கூடாது. உயிருள்ள மரத்தில் கிளை ஒடிக்கக் கூடாது. பாறையின் மேல் நெருப்பு மூட்டினால் பாறை வெடித்து, அந்த வடு மறையவே மறையாது.

நெருப்பு விஷயத்தில் நான் யாரிடமும் மென்மையாகப் பேசுவதில்லை. 2018 கோடையில் மழையே இல்லை. யூஸ்டால் பகுதியில் காடு எரிந்தபோது இத்தாலியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தண்ணீர் கொட்டும் விமானங்களும், போலந்திலிருந்து தீயணைப்பு வண்டிகளும் வர வேண்டியிருந்தது. நாடு முழுவதும் சுமார் 25,000 ஹெக்டேர் கருகியது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அன்று நெருப்புத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியத் தட்டில் விற்கும் ஒருமுறை அடுப்பை வாங்காதீர்கள்.

காளான்

நன்கு தெரிந்தவர் கூட இல்லாமல் பறிக்காதீர்கள். கொல்லும்.

படுக்கையறைத் திரை

கறுப்புத் திரையை மே மாதமே வாங்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் குழந்தைகள் பத்து மணிக்கும் தூங்கமாட்டார்கள்.

ஏரி

நீச்சல் தெரியாமல் படகில் ஏறுவது, உயிர்காப்புச் சட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்காருவது, இரண்டையும் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே சட்டென்று குளிர்ந்துவிடும்; மூச்சு பிடித்துக்கொள்ளும். குதிக்காதீர்கள். நடந்து இறங்குங்கள். பெரியவர்களுக்கும் நீச்சல் வகுப்பு இருக்கிறது. நாற்பது வயதில் சேர்ந்து கற்றவன் நான்.

தம்பி மறுநாளே மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டான். 29-ஆம் வாரம் முதல் 31-ஆம் வாரம் வரை மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. வரும் ஞாயிறு அவனை ஃபியெல்நோராவில் உள்ள ஏரிக்குக் கூட்டிப்போகிறேன். நேற்று அங்கே தண்ணீர் 17 டிகிரி. கரையிலிருந்து மரப்பாலம் வரை இருபது மீட்டர் இருக்கும், இடுப்பளவு ஆழம்தான். என் மகளும் வருகிறாள், மிதக்கக் கற்றுக்கொடுக்க.