ப்ரீபெய்ட் டேட்டா பாதியிலேயே தீராமல் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்துவது எப்படி?

ரீசார்ஜ் செய்து அரை நாள்கூட ஆகியிருக்காது, "உங்கள் டேட்டாவில் 90% முடிந்துவிட்டது" என்று மெசேஜ் வந்து நிற்கும். "நான் ஒண்ணுமே பாக்கலையே!" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். செலவழித்தது அவர்கள் இல்லை, போன். ஆப்களை அப்டேட் செய்வது, போட்டோக்களைப் பேக்கப் எடுப்பது, குரூப்பில் வந்த வீடியோக்களை இறக்கி வைப்பது என்று யாரும் கேட்காமலே அது வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதை முதலில் நிறுத்துவோம். மிச்சத்தை நீங்கள் விருப்பப்படி செலவழிக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. மெனுக்களின் பெயரும் இடமும் போனுக்குப் போன் மாறும். நான் சொல்வது உங்கள் போனில் அதே இடத்தில் இல்லையென்றால், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் "டேட்டா" என்று தட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

படி 1: பிளானை முழுசாகப் படியுங்கள்

எத்தனை ஜிபி, எத்தனை நாள் வேலிடிட்டி என்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அந்த ஜிபி ஒரு நாளைக்கா, மொத்தத்துக்குமா என்பதையும் பாருங்கள். நாளைக்கு இவ்வளவு என்றால், கணக்கு எந்த நேரத்தில் புதிதாகத் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பலரும் படிக்காமல் விடுவது, டேட்டா தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்ற வரியை. மூன்றில் ஒன்று நடக்கலாம். இணைப்பு அப்படியே நின்றுவிடலாம். வேகம் குறையலாம். அல்லது மெயின் பேலன்ஸிலிருந்து பணம் கழியலாம்.

வேகம் குறைந்து "64 கேபிபிஎஸ்" ஆகும் என்று போட்டிருந்தால் ஒரு சின்னக் கணக்கு. அது நொடிக்கு 64 கிலோபிட், பிட் கணக்கில் சொல்வது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அப்படியானால் நொடிக்கு 8 கிலோபைட்தான் வரும். 1 எம்பி படம் ஒன்று இறங்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். எழுத்தாக வரும் செய்திகளுக்கு இது போதும், வீடியோவை மறந்துவிட வேண்டியதுதான். பேலன்ஸிலிருந்து கழியும் வகை என்றால் படி 7-ஐக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 2: யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதிக்குப் போய் "டேட்டா யூசேஜ்" என்பதைத் திறந்தால், அதிகம் செலவழித்த ஆப் முதலில் வரும்படி ஒரு பட்டியல் இருக்கும். ஒரு ஆப்பைத் தொட்டால், நீங்கள் திறந்து வைத்திருந்தபோது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். பின்னணிக் கணக்கு பெரிதாக இருக்கும் ஆப்தான் நாம் தேடும் ஆள்.

ஐபோனில் "மொபைல் டேட்டா" பக்கத்தில் இதே பட்டியல் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு தானாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. ரீசார்ஜ் செய்த அன்றே பக்கத்தின் அடியில் இருக்கும் "ரீசெட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" பட்டனை அழுத்திவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கணக்கு மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குத் தொடங்கும். உங்கள் பிளான் 28 நாள் என்றால் இரண்டும் ஒவ்வொரு முறையும் சில நாள் விலகிப்போகும், தேதியை நீங்கள்தான் மாற்றி வைக்க வேண்டும்.

போன் காட்டும் அளவும் சிம் நிறுவனம் காட்டும் அளவும் கொஞ்சம் வேறுபடலாம். நிறுவனத்தின் கணக்குதான் செல்லும். நீங்கள் அனுப்பும் படமும் வீடியோவும்கூட அந்தக் கணக்கில் சேரும்.

படி 3: டேட்டா சேவரை ஆன் செய்யுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் "டேட்டா சேவர்" இருக்கிறது. அதை ஆன் செய்தால், திறந்து வைத்திருக்கும் ஆப் தவிர மற்றவை மொபைல் டேட்டாவைத் தொட முடியாது. உடனுக்குடன் வேண்டிய மெசேஜ் ஆப் போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் "அன்ரெஸ்ட்ரிக்டட் டேட்டா" பட்டியலில் விலக்குக் கொடுங்கள். பத்து ஆப்களுக்குக் கொடுத்தால் ஆன் செய்ததே வீண். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் "லோ டேட்டா மோட்" உண்டு.

சிலர் டேட்டாவையே அணைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் போடுவார்கள். எனக்கு இது ஒத்துவராது. போட்ட நொடியில், அதுவரை காத்திருந்த வேலைகள் எல்லாம் மொத்தமாக வந்து விழும். ஓட்டையை அடைக்காமல் குழாயைத் திருகித் திருகி மூடுவது போலத்தான்.

படி 4: தானாக நடப்பவற்றை வைஃபைக்குத் தள்ளுங்கள்

பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குப் போய், "நெட்வொர்க் ப்ரிஃபரன்ஸஸ்" பகுதியில் ஆப் அப்டேட்டை "வைஃபை மட்டும்" என்று வையுங்கள். கேம் ஒன்றின் அப்டேட் மட்டுமே ஒரு நாள் டேட்டாவை விழுங்கிவிடும். அதற்காக மாதக்கணக்கில் அப்டேட்டே செய்யாமல் விடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிறகு "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா". அங்கே மொபைல் டேட்டாவுக்கான ஆட்டோ டவுன்லோடில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி தொட்டால்தான் படம் இறங்கும். அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற பட்டனும் அங்கேயே இருக்கிறது. சாட் பேக்கப், போட்டோ பேக்கப் இரண்டையும் வைஃபைக்கு மாற்றுங்கள். ஒரு நிமிட 4கே வீடியோவே 100 எம்பியைத் தாண்டும்.

படி 5: வீடியோ

நீங்களாகச் செலவழிப்பதில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி எடுக்கும். அதுவே 5 மெகாபிட் என்றால் 2.25 ஜிபி. கையளவுத் திரையில் 480பி தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. திரையில் எழுத்தைப் படிக்க வேண்டிய பாட வீடியோவுக்கு மட்டும் 720பி வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் ஓடும் வீடியோவில் தரத்தைக் குறைத்தால் அந்த வீடியோவுக்கு மட்டுமே செல்லும். நிரந்தரமாக மாற, செட்டிங்ஸில் வீடியோ தரப் பகுதிக்குப் போய் மொபைல் நெட்வொர்க்குக்கு "டேட்டா சேவர்" தேர்ந்தெடுங்கள். பட்டியலைத் தள்ளும்போதே தானாக ஓடும் வீடியோக்களையும் நிறுத்துங்கள். பாட்டுக் கேட்க வீடியோ வேண்டாம், 128 கேபிபிஎஸ் ஒலி மணிக்கு 60 எம்பியைக்கூடத் தொடாது.

வைஃபை கிடைக்கும்போது பார்க்க வேண்டியதை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் போகும் ஊரின் ஆஃப்லைன் மேப்பையும் இறக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. ஆஃப்லைனில் வண்டி ஓட்டும் வழி கிடைக்கும், நடக்கும் வழியும் போக்குவரத்து நெரிசலும் கிடைக்காது.

படி 6: ஹாட்ஸ்பாட் கொடுக்கும் முன்

லேப்டாப்பை உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், அதன் கண்ணுக்கு அது வைஃபைதான். வைஃபைக்கென்று ஒதுக்கி வைத்த அப்டேட்களை எல்லாம் உங்கள் சிம்மில் இறக்க ஆரம்பித்துவிடும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து "மீட்டர்டு கனெக்‌ஷன்" (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்ற குறி) ஆன் செய்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்.

படி 7: பூட்டுப் போடுங்கள்

ஆண்ட்ராய்டின் டேட்டா யூசேஜ் பக்கத்தில் வார்னிங், லிமிட் என்று இரண்டு உண்டு. வார்னிங் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். லிமிட் டேட்டாவையே நிறுத்திவிடும். இது படி 2-இல் சொன்ன மாதச் சுழற்சி முழுவதற்குமான மொத்தக் கணக்கு. அதனால் மொத்த அளவுப் பிளானுக்குத்தான் சரியாகப் பொருந்தும். பிளான் அளவுக்குச் சற்றுக் கீழே லிமிட்டை வையுங்கள்.

இரண்டு சிம் போட்டிருந்தால், டேட்டாவுக்கு எது என்று குறிப்பிட்டு, தானாகச் சிம் மாறும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளான் போடாத சிம்மின் பேலன்ஸ் சத்தமில்லாமல் கரையும். டேட்டா ரோமிங்கும் தேவைப்படும்வரை அணைந்தே இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துப் படி 2-இன் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பின்னணிக் கணக்கு இன்னும் பெரிதாக இருந்தால், அந்த ஆப்பைத் தொட்டு "பேக்ரவுண்ட் டேட்டா"வை அணையுங்கள். பட்டியலில் முதலில் இருப்பது நீங்களே உட்கார்ந்து பார்த்த வீடியோ ஆப் என்றால் செட்டிங்ஸில் கோளாறு இல்லை, பிளான்தான் சிறியது. அடுத்த ரீசார்ஜில் பெரியதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.