கண்ணாடி வழியாகப் படம் எடுக்க

வெளிநாட்டுச் சுற்றுலாவில் உயர்மாடிக் காட்சித் தளத்திலோ மீன் காட்சியகத்திலோ கண்ணாடி வழியாகப் படம் எடுக்கும்போது, ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். நம் பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் நுழைவதால்தான் பிரதிபலிப்பு விழுகிறது. இடைவெளி இல்லையென்றால் அது நுழைய வழியில்லை. கேமரா லென்ஸாக இருந்தால் அதைச் சுற்றிக் கறுப்புச் சால்வையைப் பிடித்தால் போதும். இதற்கென்று போலரைசர் வடிகட்டி (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டுவது) வாங்கிச் செலவழிக்க வேண்டாம்: கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் அது அநேகமாகப் பயன்படாது, அந்த நேர் திசையிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில்தான் நன்றாக வேலை செய்யும்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் பிரதிபலிப்பு ஓரளவு எஞ்சும். ஓடும் ரயிலிலோ ஒட்டவே வைக்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கிவிடும். சற்று விலக்கிப் பிடித்து, சுற்றிலும் துணியால் மறையுங்கள்.