தனியே கன்னோஜ் சென்று தமக்கென ஓர் அத்தரைக் கண்டடைவது எப்படி

தமக்கென்று ஒரு வாசனை வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர் அதை விமான நிலையக் கடையில், காகிதப் பட்டையை முகர்ந்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். நமது தோலின் சூட்டில் ஆறேழு மணி நேரம் இருந்த பின்புதான் ஒரு வாசனை நமக்கு ஒத்துவருமா என்பது தெரியும். அதற்கு அவகாசமும், அருகில் அபிப்பிராயம் சொல்ல ஆளில்லாத தனிமையும் தேவை. துணைக்கு வந்தவர் "இது உனக்கு எடுப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு நாம் முகர்வது நம் மூக்கால் அன்று. அதனால் பூவையும் வேரையும் வடித்தெடுக்கும் அத்தருக்குப் பெயர்பெற்ற, உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜுக்குத் தனியாகச் சென்று இரண்டு பகல் தங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

சென்னையிலிருந்து கான்பூருக்கு நேரடி ரயில் உண்டு; அங்கிருந்து கன்னோஜ் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஒரு காலத்தில் பேரரசர் ஹர்ஷரின் தலைநகராக இருந்த ஊர் என்றாலும் இன்று அது சிறிய ஊர்தான். தங்கும் அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது, குறிப்பாகத் தனியே செல்லும் பெண்களுக்கு, நல்லது. ரோஜா வடிப்பதைப் பார்க்க விரும்பினால் மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஏற்றவை.

கடைக்குள் நுழையும் முன் பெயர்களைத் தமிழில் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இவற்றில் பாதி நம் மூக்குக்கு முன்பே பழக்கமானவை. அங்குள்ள கடைக்காரர்கள் கஸ் என்பது வெட்டிவேர். கேவ்ரா என்பது தாழம்பூ, அது பெரும்பாலும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வருவது. மௌல்சிரி என்பது மகிழம்பூ. மிட்டி என்பது சுட்ட மண்ணை வடித்து எடுக்கும் மண்வாசனை. ஷமாமா எனப்படும் கலவை முதல் முகர்வில் புதிராகத் தோன்றினாலும், அதில் சேரும் கல்பாசி, கோரைக்கிழங்கு, சடாமாஞ்சில், ஏலம், கிராம்பு ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடைக்குப் போய்வந்த எவராலும் ஓரளவு பிரித்தறிய முடியும்.

முதல் நாள் காலையில் ஒரு வடிசாலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விறகடுப்பின் மேல் டேக் என்னும் செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் வேகும். மூடியின் இடுக்கைக் களிமண்ணால் அடைத்திருப்பார்கள். கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே ஆவி இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்னும் நீண்ட கழுத்துடைய செப்புக் குடத்துக்குள் சேரும். அந்தக் குடத்தில் முன்பே அடித்தைலமாக ஊற்றிவைத்த சந்தனத் தைலம் பூவின் மணத்தை வாங்கிக்கொள்கிறது. சூட்டுமானி எதுவும் கிடையாது. குடத்தைத் தொட்டுப் பார்த்தே சூட்டை அறிகிறார்கள். மணம் அடியில் இருக்கும் சந்தனத்தின் மேல் ஏறிய ஒன்று என்பதை இங்கே கண்ணால் பார்த்துவிட்டால், பிற்பகலில் உங்கள் கை மேல் நடக்கப்போவது எளிதில் விளங்கும்.

சோதிக்கும் நாளில் தேங்காய் எண்ணெய், பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம். கடைக்காரர் எத்தனை குப்பிகளைத் திறந்து நீட்டினாலும், தோலில் இட்டுக்கொள்வது நான்கைத் தாண்டக் கூடாது: மணிக்கட்டுக்கு ஒன்று, முழங்கை மடிப்புக்கு ஒன்று என்று இரண்டு கைகளிலும். தேய்க்காதீர்கள். அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடலில் செருகும் வழக்கம் அங்கே உண்டு. அது அன்பான உபசாரந்தான் என்றாலும் அன்றைக்கு மட்டும் மறுத்துவிடுங்கள், ஏனெனில் காதோரப் பஞ்சு மற்ற நான்கையும் விழுங்கிவிடும். இட்டவுடன், அரை மணி கழித்து, இரண்டு மணி கழித்து, உறங்கும் முன், விடிந்ததும் என ஐந்து முறை முகர்ந்து, தோன்றுவதைச் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். "நல்ல மணம்" என்ற குறிப்பால் பயனில்லை. "வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர்", "திறக்காத பீரோ" என்பவை பயன்படும்.

நான் முதல் முறை சென்றபோது இந்தப் பொறுமை இல்லாமல், ஒரு கடையில் மல்லிகை அத்தரை முகர்ந்த மாத்திரத்தில் ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம், வாங்கிவிட்டேன். மாலைக்குள் அது என் கையில் வாடிய சரத்தைப் போல் புளித்து நாறியது. வேண்டாமென்று நினைத்தே இட்டுக்கொண்ட மிட்டியோ, முதல் பத்து நிமிடம் புழுதியில் விழுந்த தூறலாகவும், இரவில் மெல்லிய சந்தனமாகவும், காலையில் சட்டைக் கைமடிப்பில் சுண்ணாம்படித்த பழைய வீட்டின் குளிர்ச்சியாகவும் இருந்தது. இன்று வரை நான் பூசுவது அதைத்தான்.

வாங்குவதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சந்தன் பர் ஹை க்யா?", அதாவது சந்தனத்தின் மேல் வடித்ததா என்பது. சந்தனம் விலையேறிய பின் பாரஃபின் எண்ணெயின் மேல் வடிப்பது பரவலாகிவிட்டது; நேர்மையான கடைக்காரர் இதை மறைக்க மாட்டார். ரூஹ் என்பது அடித்தைலம் கலவாத தூய தைலம். ரூஹ் குலாப், அதாவது ரோஜாவின் ரூஹ், கிலோ பல லட்சம் ரூபாய் என்பதால், முந்நூறு ரூபாய்க்குப் பத்து மில்லி என்று எவரேனும் தந்தால் அது வேறு ஏதோ. முதலில் மூன்று மில்லி போதும். ஊரில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதைப் பூசிப் பார்த்த பிறகு அதிகமாக வரவழைத்துக்கொள்ளலாம். கண்ணாடி மூடிக் குப்பி அழகானது, ஆனால் பயணத்தில் ஒழுகும். திருகு மூடி கேட்டு வாங்கி, வாங்கிய தேதியையும் அடித்தைலத்தின் பெயரையும் அங்கேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.